கல்யாண ஆல்பத்துக்கு என்ன விலை சொல்வது? கோலாலம்பூர் புகைப்படக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோலாலம்பூர், கிள்ளான், ஷா ஆலாம் வட்டாரங்களில் நம் கல்யாணங்களைப் படம் பிடிக்க வரும் இளைஞர்கள் என்னிடம் கேட்பதில் பாதிக்கு மேல் ஆல்பத்தின் விலை பற்றித்தான் இருக்கும். லென்ஸ் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகளில் வரும் தொகைகள் எல்லாம் உதாரணத்துக்கு. ஆல்பம் அச்சடிக்கும் உங்கள் லேப்பின் பில்லையும் உங்கள் வீட்டுச் செலவையும் வைத்து நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

பாக்கேஜுக்குள்ளேயே ஆல்பத்தைச் சேர்த்துவிடலாமா, தனியாக விற்கலாமா?

நம் கல்யாணங்களுக்கு ஓர் ஆல்பம் பாக்கேஜுக்குள் இருப்பதுதான் நல்லது என்பது என் கருத்து. "கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளிப்போட்ட ஆல்பம் பெரும்பாலும் வருவதே இல்லை. மண்டபம், சாப்பாடு, நகை, தேன்நிலவு எல்லாம் முடிந்த கையோடு வீட்டுக் கடன் தொடங்கிவிடும். அடுத்த வருடம் வளைகாப்பு. ஆல்பத்துக்கு ஒதுக்கப் பணம் மிஞ்சாது.

ஆனால் உள்ளே சேர்த்தாலும் விலைப் பட்டியலில் ஆல்பத்துக்கு என்று ஒரு தனி வரியும் தொகையும் இருக்கட்டும். "ஆல்பம் ஃப்ரீ" என்று மட்டும் போடாதீர்கள். ஃப்ரீ என்று போட்டால், "ஃப்ரீதானே தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்கும் ஒண்ணு குடுத்துடுங்க" என்று கேட்பார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. விலை இல்லை என்று சொன்னது நீங்கள்தான்.

சரி, அந்தத் தொகையை எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில் உங்கள் ஒரு மணி நேர உழைப்புக்கு என்ன மதிப்பு என்று தெரிய வேண்டும். பலர் இந்த இடத்தைத் தாண்டிவிட்டு நேராக லேப் விலைக்குப் போய்விடுகிறார்கள்.

மாதம் வீட்டுக்கு 4,000 வெள்ளி (ரிங்கிட்) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தொழில் செலவு தனி: மென்பொருள் சந்தா, ஹார்ட் டிஸ்க், கேமரா தேய்மானம், பெட்ரோல், டோல், காப்புறுதி. அதற்கு 2,000 போடுங்கள். மொத்தம் 6,000. மாதத்தில் காசாக மாறும் வேலை நேரம் எவ்வளவு? வாட்ஸ்அப்பில் பதில் சொல்வது, விலை கேட்பவர்களைச் சந்திப்பது, சாலை நெரிசலில் மாட்டிக்கொண்டு நிற்பது எல்லாம் போக 120 மணி நேரம் தேறினால் பெரிது. 6,000-ஐ 120-ஆல் வகுத்தால் மணிக்கு 50 வெள்ளி.

இப்போது ஆல்பம். 12-க்கு 36 அங்குலம், அதாவது மூடினால் 12-க்கு 18. மொத்தம் 30 ஷீட்; விரித்தால் எதிரெதிரே தெரியும் இரண்டு பக்கம் சேர்ந்தது ஒரு ஷீட். லேப்பில் அச்சு, பைண்டிங், பெட்டி எல்லாம் சேர்த்து 650 என்று வைப்போம். கூரியர் 50. ஏதாவது ஒரு ஷீட் கெட்டுப்போனால் திரும்ப அச்சடிக்க 30 ஒதுக்குங்கள். உழைப்பில் படம் பொறுக்க 3 மணி நேரம், நிறம் திருத்த 5, டிசைனுக்கு 8, வாடிக்கையாளர் சொல்லும் மாற்றங்களுக்கு 3, நேரில் சந்திக்க 2, வந்த ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகச் சரிபார்த்துக் கொடுக்க 1. ஆக 22 மணி நேரம், 1,100 வெள்ளி. எல்லாம் கூட்டினால் 1,830.

இது அடக்க விலை. இலாபம் இன்னும் சேரவில்லை. விற்கும் விலையில் 20 விழுக்காடு இலாபம் நிற்க வேண்டும் என்றால் 1,830-ஐ 0.8-ஆல் வகுக்க வேண்டும். 2,287 வரும். 2,300 என்று சொல்லலாம். பலர் 1,830-க்கு மேல் 20 விழுக்காடு கூட்டி 2,196 என்று போடுகிறார்கள். அப்படிப் போட்டால் இலாபம் 366 வெள்ளி, அது விற்ற விலையில் 17 விழுக்காடுகூட இல்லை. ஓர் ஆல்பத்தில் நூறு வெள்ளி வித்தியாசம் சிறியதாகத் தெரியும். வருடம் முழுவதும் விற்கும் ஆல்பங்களுக்குக் கூட்டிப் பார்த்தால் ஒரு நல்ல லென்ஸ் விலை.

லேப் விலையை இரண்டால் பெருக்கினால் போதும் என்கிறார்களே?

650-ஐ இரண்டால் பெருக்கினால் 1,300. அடக்கமே 1,830. மூன்றால் பெருக்கினாலும் 1,950 தான் வருகிறது. பெருக்கல் கணக்கு, டிசைனை வெளியே கொடுத்து வாங்குபவர்களுக்கு ஓரளவு பொருந்தும். இரவு இரண்டு மணிவரை தானே உட்கார்ந்து டிசைன் பண்ணுபவருக்குப் பொருந்தாது.

எத்தனை ஷீட் வைப்பது?

காலையில் கோயில் கல்யாணம், இரவில் விருந்து என்றால் 30 ஷீட். ஷீட்டுக்குச் சராசரியாக மூன்று நான்கு படம், ஆக நூறு படம் சொச்சம். வீட்டார் நானூறு படம் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். அத்தனையும் உள்ளே திணித்தால் ஒவ்வொரு முகமும் அஞ்சல் தலை அளவுக்குப் போய்விடும். அதனால் முதல் டிசைனை நீங்களே போட்டுக் காட்டுங்கள். "எந்தப் படம் வேண்டும்?" என்று வெறும் திரையைக் கொடுத்தால் மூன்று மாதம் ஆகும். "இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள்?" என்று டிசைனைக் கொடுத்தால் ஒரு வாரத்தில் பதில் வரும்.

கூடுதல் ஷீட்டுக்குப் பணம் கேட்பது நியாயமா?

நியாயம்தான், முன்பே சொல்லியிருந்தால். 30 ஷீட்டுக்குப் பணம் வாங்கிவிட்டு 42 ஷீட் டிசைன் காட்டி, "இதெல்லாம் வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்" என்று சொல்லும் வழக்கம் இந்தத் தொழிலில் உண்டு. பாட்டியின் படம் இருக்கும் ஷீட்டை எடுக்கச் சொல்ல யாருக்கு மனம் வரும்? கூடுதலாக டிசைன் போட்டுக் காட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் முன்பதிவு நாளிலேயே "30-க்கு மேல் போனால் ஷீட்டுக்கு 50 வெள்ளி" என்று எழுத்தில் இருக்க வேண்டும், டிசைன் அனுப்பும்போது எந்தெந்த ஷீட் கூடுதல் என்று குறித்தும் அனுப்ப வேண்டும்.

பெற்றோருக்குத் தனி ஆல்பம் விற்பது எப்படி?

அதே டிசைனைச் சிறிய அளவில் அச்சடியுங்கள். 12-க்கு 36-உம் 8-க்கு 24-உம் ஒரே விகிதம், ஒன்றுக்கு மூன்று. டிசைனில் எதையும் தொட வேண்டாம். லேப்பில் 280, பெரிய ஆல்பத்தோடு ஒரே பெட்டியில் வந்தால் கூரியருக்கு 20, சரிபார்க்க ஒரு மணி நேரம் 50. அடக்கம் 350. இதை 500-க்கு விற்றால் வாங்குபவருக்கும் பாரமில்லை, உங்களுக்கும் 30 விழுக்காடு நிற்கும்.

ஒரு நிபந்தனை போடுங்கள்: பெரிய ஆல்பத்தை லேப்புக்கு அனுப்புவதற்கு முன் சொன்னால் 500, பிறகு கேட்டால் 600. கூரியரும் லேப்பில் புது ஆர்டரும் அப்போது தனியாக வருவதால்தான் அந்த நூறு என்று காரணத்தையும் சொல்லிவிடுங்கள்.

பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் 1,500 வெள்ளிக்கு முழு நாள் படப்பிடிப்போடு ஆல்பமும் தருகிறாராம். அவரோடு எப்படிப் போட்டி போடுவது?

போடாதீர்கள். அவர் வார நாளில் வேறு வேலை பார்ப்பவராக இருக்கலாம், பழகுவதற்காகக் குறைந்த விலைக்குச் செய்பவராக இருக்கலாம். அவர் கணக்கு உங்களுக்குத் தெரியாது. அவரைக் குறை சொல்லியும் பேசாதீர்கள், கேட்பவருக்கு அது பிடிக்காது.

உங்கள் விலை ஏன் இவ்வளவு என்பதைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். இரண்டு மாதிரி ஆல்பம் வைத்திருங்கள். ஒன்று சாதாரணத் தாளில் டிஜிட்டல் அச்சு. இன்னொன்று உண்மையான புகைப்படத் தாளில் அச்சடித்து, கெட்டி அட்டையில் ஒட்டி, பிரித்தால் மேசைமேல் தட்டையாக விரியும் பைண்டிங். இரண்டையும் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள். மெல்லிய தாளில் நடு மடிப்புக்குள் மணப்பெண்ணின் பாதி முகம் புதைந்து கிடப்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அதற்குப் பிறகும் 1,500 தான் முடியும் என்றால், அவர்கள் கையில் அவ்வளவுதான் இருக்கிறது. மரியாதையோடு அனுப்பி வையுங்கள். தங்கை கல்யாணத்துக்குத் திரும்பி வருவார்கள்.

எங்கே வைத்துப் பேசினால் ஆல்பம் விற்கும்?

பெற்றோர் இருக்கும் இடத்தில். மணமக்கள் பேரங்காடி காபிக் கடையில் சந்திக்கலாம் என்பார்கள். முதல் சந்திப்புக்கு அது போதும். ஆனால் ஆல்பத்தைக் காட்ட வீட்டுக்கே போங்கள், மாலை நேரத்தில், எல்லாரும் இருக்கும்போது.

வீட்டில் நடப்பதைக் கவனித்துப் பாருங்கள். மாப்பிள்ளை மாதிரி ஆல்பத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டுக் கைபேசிக்குப் போய்விடுவார். அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்வார். தாலி கட்டும் பக்கத்தில் நிற்பார், ஆனால் தாலியைப் பார்க்க மாட்டார். பின்னால் நிற்கும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டே போவார். யாரென்றே தெரியாத குடும்பத்தின் ஆல்பத்திலும் "இது தாய்மாமனா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் உங்களுக்கு இரண்டு விஷயம் தெரிந்துவிட வேண்டும். இந்த வீட்டில் ஆல்பத்துக்குப் பணம் எடுத்து வைப்பவர் இவர்தான். கல்யாணத்தன்று தாய்மாமனையும் அத்தைமாரையும் நல்ல வெளிச்சத்தில், கண் திறந்திருக்கும்போது எடுத்தாக வேண்டும்.

அதனால் மாதிரி ஆல்பத்தில் மணமக்கள் புத்ராஜெயா பாலத்தில் நிற்கும் படங்களை மட்டும் அடுக்காதீர்கள். நலங்கு, பாத பூசை, பந்தியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் எல்லாம் இருக்கட்டும். மாதிரியில் வைக்க அந்தக் குடும்பத்தின் அனுமதியை எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும்.

"சாஃப்ட் காப்பி போதும், ஆல்பம் வேண்டாம்" என்றால்?

கட்டாயப்படுத்தாதீர்கள். ஆல்பத் தொகையைக் கழித்துப் படப்பிடிப்புக்கு மட்டும் விலை சொல்லுங்கள். தனி வரி போடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரே ஓர் எச்சரிக்கை: ஆல்பத்தைக் கழித்தால் பாதி விலை என்று நினைப்பார்கள். படம் பொறுக்குவதும் நிறம் திருத்துவதும் சாஃப்ட் காப்பிக்கும் உண்டு. மேலே போட்ட கணக்கில் அந்த 8 மணி நேரம், 400 வெள்ளி, படப்பிடிப்பு விலைக்குள் போய்ச் சேர வேண்டும்.

தமிழ்நாட்டு லேப்பில் அச்சடித்தால் மலிவாமே?

பல சமயம் மலிவுதான், வேலைப்பாடும் அழகாக இருக்கும். ஆனால் கூரியர், சுங்கத்தில் வரக்கூடிய வரி, ரூபாய் மதிப்பு ஏறி இறங்குவது, இவற்றைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு பக்கத்தில் பெயர் எழுத்துப் பிழையோடு வந்தால் அங்கே திருப்பி அனுப்பி வாங்க வேண்டும். தீபாவளி நேரத்தில் அங்கேயும் வேலை நின்றிருக்கும். நாள் கணக்கில் அவசரம் உள்ள ஆர்டரை உள்ளூர் லேப்புக்குக் கொடுங்கள்.

எந்த லேப்பாக இருந்தாலும் முதல் ஆர்டருக்கு முன் சோதனைப் பிரதி எடுங்கள். சிவப்புக் கூறைப் புடவை, மஞ்சள் பூசிய முகம், நம் மாநிறம், மூன்றும் ஒரே படத்தில் இருக்கட்டும். சில லேப்களில் இயந்திரமே நிறத்தை மாற்றி, கறுத்த முகங்களைச் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கடித்துவிடும். "நிறத்தில் கை வைக்க வேண்டாம்" என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். நம் ஆட்களை நம் நிறத்திலேயே அழகாகக் கொடுப்பதற்குத்தான் அந்த 5 மணி நேரத்தைக் கணக்கில் வைத்தோம்.

ஒரே படத்தை 36 அங்குலத்துக்கும் விரித்துப் போடச் சொல்கிறார்கள். முடியுமா?

24 மெகாபிக்சல் கேமராவின் நீளப் பக்கம் 6,000 பிக்சல். 36-ஆல் வகுத்தால் அங்குலத்துக்கு 166 தான் வரும், லேப் கேட்பது பொதுவாக 300. கோயில் கோபுரப் பின்னணியில் நின்ற படம் என்றால் மடியில் வைத்துப் பார்க்கும் தூரத்துக்கு அது தாங்கும். ஓரத்தை வெட்டிப் பெரிதாக்கிய படம் என்றால் தாங்காது, மறுத்துவிடுங்கள். யாருடைய முகமும் நடுக்கோட்டில் விழக்கூடாது.

பணத்தை எப்போது வாங்குவது?

நாளைப் பதிவு செய்ய 30 விழுக்காடு, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன் 50, ஆல்பம் அச்சுக்குப் போகும் முன் மீதி 20. அச்சுக்குப் போன ஆல்பத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது. எனவே பாக்கி தீராமல் லேப்புக்கு ஃபைல் போகக்கூடாது. இதில் விதிவிலக்கு வைக்காதீர்கள், நண்பராக இருந்தாலும். பணம் வாங்கும்போதெல்லாம் ரசீது கொடுங்கள்.

படம் பொறுக்காமல் ஒரு வருடம் இழுத்தடிக்கிறார்களே?

ஒப்பந்தத்தில் இரண்டு வரி போதும். டிசைன் அனுப்பி 60 நாளில் பதில் வராவிட்டால் முதல் டிசைனே அச்சுக்குப் போகும். கல்யாணம் முடிந்து ஒரு வருடம் தாண்டினால் அன்றைய லேப் விலை பொருந்தும். ஆனால் 60-ஆவது நாள் சத்தமில்லாமல் அச்சடித்துவிடாதீர்கள். 45-ஆவது நாள் கூப்பிட்டுப் பேசுங்கள். வீட்டில் துக்கம் நடந்திருக்கலாம், பெண் கர்ப்பமாக இருக்கலாம். காரணம் உண்மையானால் கெடுவை நீட்டிக் கொடுங்கள்.

எத்தனை முறை திருத்திக் கொடுப்பது?

இரண்டு முறை. மூன்றாவது முறைக்கு மணிக்கு 50. திருத்தங்களைக் குரல் பதிவாக வாங்காதீர்கள். ஒரே ஆள், ஒரே பட்டியல், எழுத்தில். பெண் ஒன்று சொல்ல, மாமியார் வேறு சொல்ல, நடுவில் நீங்கள் நின்றால் நேரமும் போகும், உறவும் கசக்கும். பெயர்களை மட்டும் பெற்றோரிடமே எழுதி வாங்குங்கள். அழைப்பிதழைப் பார்த்துத் தட்டச்சு செய்வது அதைவிட நல்லது.

படங்களின் உரிமை யாருக்கு?

இதைப் பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மலேசியாவின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆவது பிரிவுப்படி, பணம் கொடுத்து ஒருவர் செய்யச் சொன்ன படைப்பின் உரிமை அவருக்கே மாற்றப்பட்டதாகக் கருதப்படும். இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்திருந்தால் மட்டும் அது மாறும். அதாவது நீங்கள் ஒன்றும் எழுதாமல் விட்டால் உரிமை வாடிக்கையாளருக்குப் போகிறது. உரிமை உங்களிடம் இருக்க வேண்டுமானால் ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

கல்யாணப் படத்தைப் பொறுத்தவரை அந்தக் குடும்பம் எத்தனை பிரதி எடுத்தாலும் எனக்கு வருத்தமில்லை. என் ஒப்பந்தத்தில் இரண்டுதான் கேட்பேன்: மாதிரி ஆல்பத்திலும் சமூக ஊடகத்திலும் காட்ட அனுமதி, டிசைன் ஃபைலை வேறொருவரிடம் கொடுத்து அச்சடிக்கக்கூடாது. முதலாவது அனுமதியைத் தராதவர்களும் உண்டு. அவர்களுடைய படத்தை நீங்கள் எங்கும் காட்டவே கூடாது.

பகுதி நேரமாகச் செய்கிறேன். பதிவு செய்ய வேண்டுமா?

ஆம். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்எஸ்எம் என்னும் நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் வருடத்துக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் என்றால் 60. வருமான வரிக்காக ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும்.

வாடிக்கையாளர் புகார் செய்தால்?

முதலில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஷீட்டில் குறை இருந்தால் வாதாடாமல் திரும்ப அச்சடியுங்கள், 30 வெள்ளியை அதற்குத்தான் ஒதுக்கினோம். தீராவிட்டால் அவர்கள் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 5 வெள்ளி கட்டணம், 50,000 வெள்ளிவரை கோரலாம், பொதுவாக வழக்கறிஞர் வைக்க அனுமதி கிடையாது. அங்கே உங்களுக்குக் கைகொடுப்பது கையெழுத்திட்ட ஒப்பந்தமும், வாடிக்கையாளர் "ஓகே, பிரிண்ட் பண்ணலாம்" என்று எழுதிய செய்தியும்தான். இரண்டையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

சொந்தக்காரர் கல்யாணத்துக்கு?

பில்லில் முழு விலையையும் எழுதி, கீழே "எங்கள் அன்பளிப்பு" என்று கழித்துக் காட்டுங்கள். மொய் எழுதுவதற்குப் பதில் அது.

விலையை எப்போது ஏற்றுவது?

ஆடியில். கல்யாணம் இல்லாத மாதம், லேப்பும் கொஞ்சம் ஓய்வாக இருக்கும். லேப்பின் புதுப் பட்டியலை வாங்கி, ஒரு வருடமாக ஓர் ஆல்பத்துக்கு எத்தனை மணி நேரம் உட்கார்ந்தோம் என்று பார்த்து, ஆவணி முகூர்த்தங்களுக்கு முன் புது விலையைப் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே முன்பணம் கட்டியவர்களுக்குப் பழைய விலைதான்.

ஆல்பத்தைக் கொடுத்த பிறகு என் பொறுப்பு என்ன?

நம் ஊர் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் உறைக்குள் இறுக்கி வைத்த ஆல்பம் பூஞ்சை பிடிக்கும், அட்டைக்குள் இராமபாணப் பூச்சி புகும். கொடுக்கும்போதே சொல்லுங்கள்: பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிடுங்கள், துணிப் பையில் போட்டு, வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள், மாதம் ஒரு முறையாவது எடுத்துப் பிரித்துப் பாருங்கள். குங்குமமோ எண்ணெயோ உள்ள கையோடு தொட வேண்டாம். இதை ஒரு சின்ன அட்டையில் தமிழில் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டால் அம்மாமார்கள் பத்திரமாகப் பின்பற்றுவார்கள்.

டிசைன் ஃபைலை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்பதும் அந்த அட்டையில் இருக்கட்டும். ஐந்து வருடம் என்று எழுதினால் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வேறு இடத்தில் வையுங்கள். வெள்ளம் புகுந்த வீட்டிலிருந்து ஒரு நாள் அழைப்பு வரும். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், ஸ்ரீ மூடா பகுதியில் கூரைவரை தண்ணீர் ஏறியதை நாம் பார்த்தோம். அப்படிக் கேட்பவர்களிடம் லேப் செலவையும் கூரியரையும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்ப அச்சடித்துக் கொடுங்கள்.